தாழை வைக்க ஆசை, இடம் இருக்கிறதா?

போன இதழில், கணபதி பண்டிகைக்கு மும்பை தாதர் பூச்சந்தையில் வந்து குவியும் தாழம்பூவைப் பற்றி எழுதும்போது, இது இந்தக் கொங்கண் கரையிலேயே தானாக வளரும் புதர், இடம் இருப்பவர்கள் வீட்டிலேயே வளர்க்கலாம் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள். மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட், வசாய், அலிபாக்கில் மனை வாங்கிப் போட்டவர்கள் என்று இத்தனை பேருக்குத் தாழை மேல் ஆசை இருப்பதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். ஆனால் முக்கால்வாசிப் பேர் கேட்பது எப்படி வளர்ப்பது என்று. தாழை வளரப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம், அது உப்புக் காற்றிலும் மணலிலும் யாரும் பார்க்காமலே வளர்கிற செடி. எங்கே வைப்பது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். நர்சரிப் பையில் இரண்டு அடியில் இருப்பதைப் பார்த்து இடம் முடிவு செய்கிறோம், சில வருஷம் கழித்து அது 15 அடிக்கு நிற்கும்போது வெட்டச் சொல்லி ஆள் தேடுகிறோம். அந்த வேதனை செடிக்கும் வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம் என்பதற்காகவே இந்த இதழ் முழுக்கத் தாழைக்கு.

அக்கா, அலிபாக் பக்கம் சின்னதாக ஒரு வீடு கட்டியிருக்கிறோம். கடல் நடந்து போகிற தூரம். ரோஜா, குரோட்டன்ஸ் என்று எது வைத்தாலும் இலை ஓரம் கருகிப் போகிறது. வாரக் கடைசியில் மட்டும்தான் போய் வருகிறோம். மேற்கு வேலி ஓரம் தாழை வைத்தால் நிற்குமா? எப்படித் தொடங்குவது? — செம்பூர் வாசகி

நிற்கும். நீங்கள் சொல்கிற இடம்தான் அதற்குப் பிறந்த இடம்.

முதலில் உங்கள் ரோஜாவுக்கு என்ன ஆகிறது என்று சொல்லிவிடுகிறேன். கடல் காற்றில் வரும் நுண்ணிய உப்புத் துளி இலை மேல் படிந்து காய்கிறது, அந்த உப்பு இலைக்குள் இருக்கும் ஈரத்தை உறிஞ்சுகிறது, அதனால் ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பழுப்பாகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கழுவி விட்டுவிடும், அதனால் அப்போது தெரியாது. மார்ச்சுக்கு மேல் மழையும் இல்லை, மத்தியானக் கடல் காற்றும் பலமாக வீசும், அப்போதுதான் கருகும். தாழை இலை தடித்து, மேலே மெழுகுப் பூச்சோடு இருக்கிறது, உப்பு அதன் மேல் படிந்தாலும் உள்ளே போவது குறைவு. வருஷம் முழுக்கப் பச்சையாகவே நிற்கும்.

இடம் என்று பார்த்தால், ஒரு புதர் முழுசாக வளர்ந்தால் அகலத்தில் 12 முதல் 15 அடி பிடிக்கும், உயரம் 15 அடியைத் தாண்டி 20 அடி வரைகூடப் போகும். அதனால் வீட்டுச் சுவரிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் குறைந்தது 10 அடி தள்ளி வையுங்கள். செப்டிக் டேங்க், தண்ணீர்க் குழாய் இரண்டுக்கும் பக்கத்தில் வேண்டாம். வேலி ஓரமாக மறைப்பு வேண்டுமென்றால் செடிக்குச் செடி 8 முதல் 10 அடி விட்டு, ஒரே நேர்கோட்டில் வைக்காமல் ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக வையுங்கள். நட்ட புதிதில் வெறிச்சென்று கிடக்கும், பார்க்கவே மனசு கேட்காது, நடுவில் இன்னும் இரண்டு வைக்கலாமே என்று தோன்றும். தயவு செய்து வைக்காதீர்கள். அந்த இடைவெளியில் நித்தியகல்யாணி போட்டு விடுங்கள், அதற்கும் மணலும் உப்புக் காற்றும் பழக்கம்தான், தாழை விரிந்த பிறகு பிடுங்கிவிடலாம்.

செடியை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். தாழையில் ஆண் செடி தனி, பெண் செடி தனி. நாம் தலையில் வைப்பதும், பூஜைக்கு வாங்குவதும், அத்தர் எடுப்பதும் ஆண் செடியின் பூ. வெளிர் மஞ்சளாக நீள நீள மடல்கள் அடுக்கி வருமே, அதுதான். பெண் செடியில் அந்த மணம் வராது, அன்னாசி மாதிரி ஒரு காய் வரும், பழுத்தால் ஆரஞ்சு நிறமாகும். சின்னச் செடியைப் பார்த்து ஆணா பெண்ணா என்று யாராலும் சொல்ல முடியாது, பூத்தால்தான் தெரியும். விதையிலிருந்து வந்த செடி எதுவாகவும் இருக்கலாம், தவிர விதை முளைக்கவே மாதக் கணக்காகும். எனவே மணம் வேண்டுமென்றால், பூத்ததைக் கண்ணால் பார்த்த ஆண் புதரிலிருந்து பக்கக் கன்றோ கிளையோ வாங்குங்கள். உங்கள் பக்கத்துக் கிராமங்களில் தோட்டத்து ஓரம் கேவடா, அதாவது தாழை, இல்லாத ஊர் குறைவு. தோட்டக்காரரிடம் போன கணபதிக்குப் பூ எடுத்தது எந்தப் புதரில் என்று கேட்டால் காட்டிவிடுவார்.

கிளை எடுக்கும்போது, தண்டிலிருந்து கீழே இறங்கும் விழுது ஒன்றிரண்டு இருக்கிற துண்டாகப் பாருங்கள். விழுதின் நுனியைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்களேன், வெளிர் நிறத்தில் அடுக்கடுக்காக உரிகிற ஒரு மூடி இருக்கும். அந்த மூடி பசுமையாக, ஈரமாக இருந்தால் வேர் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், மண்ணைத் தொட்டதும் அங்கிருந்து கிளை விட்டு இறங்கிவிடும். காய்ந்து கறுத்துப் போயிருந்தால் வேறு கிளை பாருங்கள். துண்டு ஒன்றரை, இரண்டு அடி போதும். இலைகளைப் பாதியாக நறுக்கிவிட்டு, வெட்டுவாய் காயும்படி நிழலில் நாலைந்து நாள் போட்டு வைத்து நடுங்கள். பச்சை வெட்டோடு ஈர மண்ணில் வைத்தால் அழுகும்.

நடுவதற்கு நேரம், முதல் மழை இறங்கிய ஜூன் இரண்டாம் பாதி. இரண்டடிக் குழி, எடுத்த மணலோடு லால் மிட்டி என்கிற செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்து போடுங்கள். தண்ணீர் தேங்குகிற பள்ளம் என்றால் குழி வேண்டாம், ஒரு அடி மேடு கட்டி அதில் வையுங்கள். குருத்துக்குள் மண் விழாமல் பார்த்துக் கொள்ளுங்கள், அது முக்கியம், குருத்தில் மண்ணும் நீரும் சேர்ந்து நின்றால் நடுவிலிருந்து அழுகிவிடும். காற்றில் ஆடாமல் இருக்க இரண்டு மூங்கில் குச்சி கட்டி விடுங்கள், ஆடுகிற செடிக்கு வேர் பிடிக்காது.

மழை நாலு மாதமும் வேலை இல்லை. அக்டோபரிலிருந்து அடுத்த ஜூன் வரை, அந்த முதல் வருஷம் மட்டும், நீங்கள் வாரம் ஒரு முறை வந்து இரண்டு வாளி நிதானமாக ஊற்றினால் போதும். அடியில் காய்ந்த தென்னை ஓலை பரப்பி வைத்தால் ஈரம் நிற்கும். ஏப்ரல், மேயில் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் கரிக்கும், பரவாயில்லை, தாழை தாங்கும். இரண்டாவது மழைக்காலம் கடந்துவிட்டால் அப்புறம் அது பாட்டுக்கு வளரும்.

ஒரு நல்ல விஷயம் சொல்கிறேன். தாழை பெரிதான பிறகு, அதற்குப் பின்னால், வீட்டுப் பக்கம், உங்கள் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் நன்றாக வரும். கம்பவுண்டுச் சுவர் காற்றை முட்டித் தூக்கிச் சுழற்றி உள்ளே போடும். புதர் அப்படியில்லை, காற்றைத் தனக்குள் விட்டு வேகத்தைக் குறைத்து அனுப்பும், உப்பையும் தன் இலையிலேயே வாங்கிக் கொள்ளும். ரோஜாவை மட்டும் இன்னும் உள்ளே, முற்றத்துப் பக்கம் தள்ளிக் கொள்ளுங்கள்.

நேருலில் ரோ ஹவுஸ். கேட்டுக்கும் படிக்கும் நடுவில் 4 அடி அகலத்தில் மண் விட்டிருக்கிறோம். என் மாமியாருக்குத் தாழை என்றால் உயிர், ராமநாதபுரத்தில் வீட்டுப் பின்னால் காடாக இருக்குமாம். அந்த 4 அடியில் ஒன்று வைத்து, பெரிதாகாமல் வெட்டி வெட்டி வைத்துக் கொள்ளலாமா? — நேருல் வாசகி

வேண்டாம். மாமியாரின் ஆசை எனக்குப் புரிகிறது, அதனாலேயே கறாராகச் சொல்கிறேன்.

தாழை இலையின் இரண்டு விளிம்பிலும் முள், அடிப்புறம் நடு நரம்பிலும் முள். விளிம்பு முள்ளெல்லாம் நுனியைப் பார்த்துச் சாய்ந்திருக்கும், அடியிலிருந்து நுனிப் பக்கம் கையை ஓட்டினால் வழுக்கிக் கொண்டு போகும், நுனியிலிருந்து அடிப்பக்கம் இழுத்தால் தோலைக் கிழித்துவிடும். இலை ஒவ்வொன்றும் 4, 5 அடி நீளம், நடுவில் மடங்கித் தொங்கும். உங்கள் 4 அடியில் வைத்தால் இரண்டாவது வருஷமே கேட்டில் நுழைகிறவர் முகத்துக்கு நேராக வரும். பால் போடுகிற பையன், பள்ளிக்கூடம் விட்டு ஓடி வருகிற பிள்ளை, கண் மங்கலான பெரியவர் என்று எல்லோரும் அந்த வழியாகத்தான் வர வேண்டும். வெட்டி வெட்டி வைத்தால் பூவே வராது, ஏன் என்று அடுத்த பதிலில் இருக்கிறது. பூ இல்லாத முள்ளுக்காக யாராவது தாழை வைப்பார்களா?

அந்த இடத்துக்கு நான் சொல்வது சங்கங்குப்பி. அதுவும் கடற்கரைச் செடிதான், கழிமுக ஓரமெல்லாம் தானாக வளரும், வருஷம் முழுக்கப் பச்சை, வெட்டுவதை நன்றாகத் தாங்கும், இலை கசப்பாக இருப்பதால் ஆடு மாடு வாய் வைக்காது. மும்பையில் சாலை நடுவிலும் சொசைட்டி வேலியிலும் வெட்டிச் சீராக வைத்திருக்கிற கரும்பச்சைப் புதர்களைக் கவனித்தால் பல இடங்களில் அதுவாகத்தான் இருக்கும். வெட்டாமல் கொஞ்சம் விட்டுப் பாருங்கள், மும்மூன்றாக வெள்ளைப் பூ வரும், பூவிலிருந்து கருஞ்சிவப்பு இழைகள் வெளியே நீண்டு நிற்கும், அவ்வளவு அழகு. வேலியாக வெட்டியே பார்த்தவர்களுக்கு அது பூக்கும் என்றே தெரிவதில்லை. செடிக்குச் செடி இரண்டரை அடி இடைவெளி விட்டு வைத்தால் உங்கள் 4 அடி அகலத்துக்குச் சரியாக இருக்கும். நவி மும்பையில் பல மனைகள் சதுப்பை மூடி மேலே முரம் என்கிற சரளை மண் கொட்டி நிரப்பியவை, தோண்டினால் ஒரு அடிக்குக் கீழே கல்லும் கப்பியுமாக வரும். குழியை நன்றாக எடுத்து மண் மாற்றி வையுங்கள்.

மாமியாருக்குத் தாழம்பூ? கணபதிக்கு முந்தின வாரம் அவரைக் கூட்டிக் கொண்டு மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போய் வாருங்கள். பின்பக்கம் 12 அடிச் சதுர இடம் எங்காவது இருந்தால் மறுபடி எழுதுங்கள், கன்று எப்படிப் பார்ப்பது என்று நானே சொல்கிறேன்.

வசாயில் எங்கள் பங்களாவில் தாழை வைத்து 9 வருஷம் ஆகிறது. ஆண் புதரிலிருந்து எடுத்த கிளைதான். பச்சைப் பசேலென்று இருக்கிறது, ஒரு பூகூட வரவில்லை. தோட்டக்கார மாலி வருஷா வருஷம் மே மாதம் ஒழுங்காக வெட்டிச் சீர் செய்கிறார், எரு வைக்கிறார். என்ன குறை? — வசாய் வாசகர்

ஐயா, குறை அந்த மே மாத வெட்டில்தான்.

தாழைக்குப் பூ வருவது கிளையின் உச்சியில். இலைகள் மூன்று வரிசையாகத் தண்டைச் சுற்றிச் சுழன்று ஏறும், அந்தச் சுழல் முடிகிற நடுக் குருத்திலிருந்துதான் பூங்கொத்து வெளியே வரும். பூத்து முடிந்த பிறகு அந்த இடத்துக்குக் கீழிருந்து பக்கக் கிளை பிரியும், அதன் உச்சி முதிர்ந்தால் அதில் பூ வரும். இப்படித்தான் புதர் விரிகிறது. இங்கே முக்கியமான பருவம் மழைக்காலம், ஜூலை முதல் அக்டோபர் வரை. உங்கள் மாலி மே மாதம் உச்சிகளையெல்லாம் மட்டமாக எடுத்துவிட்டால், பூக்க முதிர்ந்து நின்ற குருத்து அத்தனையும் குப்பையில் போய்விடுகிறது. கீழே புதுத் தளிர் வருகிறது, அது முதிர்வதற்குள் அடுத்த மே வந்துவிடுகிறது. உங்கள் செடி 9 வருஷமாகப் பூக்க முயன்று கொண்டேதான் இருந்திருக்கிறது.

மாலியைக் கோபிக்க வேண்டாம், அவருக்கு வேலிச் செடி வெட்டிப் பழக்கம். அவரிடம் இதை மட்டும் சொல்லுங்கள். உச்சியில் கத்தி படக் கூடாது. அடியில் காய்ந்து தொங்கும் இலைகளை எடுக்கலாம். நடைபாதை மேல் சாய்கிற ஒரு கிளை உண்டென்றால் அதை நுனியில் நறுக்காமல் அது பிரிகிற மூட்டு வரை முழுசாக எடுக்கலாம். விழுதுகளை அழகுக்காக வெட்டவே கூடாது, தண்டு மரம் மாதிரி வருஷா வருஷம் பருக்காது, தலைப் பாரத்தைத் தாங்குவதே அந்த விழுதுகள்தான், அவற்றை எடுத்துவிட்டால் ஒரு ஜூலைக் காற்றில் மொத்தமாகச் சாய்ந்துவிடும். இந்த வேலைகளையும் பூப்பருவம் முடிந்து நவம்பருக்கு மேல் வைத்துக் கொள்ளுங்கள்.

எருவையும் கொஞ்சம் குறையுங்கள். தழைச்சத்து கூடினால் இலைதான் கொழிக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்கு முன்னால், மக்கிய எரு போதும். மேலே மாமர நிழல் கிழலென்று ஏதாவது விழுகிறதா என்றும் பாருங்கள், வசாய்த் தோட்டங்களில் அது சகஜம். பாதி நாளாவது நேர் வெயில் படாத தாழை பூக்க ரொம்ப யோசிக்கும். நல்ல வெயிலில் வைத்த கன்று மூன்று நாலு வருஷத்தில் பூக்கும் என்பது பொதுக் கணக்கு. உங்களுடையது வேர் ஊன்றி முதிர்ந்த புதர், அதனால் வெட்டை நிறுத்திவிட்டு இரண்டு மழைக்காலம் பொறுங்கள்.

சிவனுக்கு ஆகாத பூ, அதை வீட்டில் வளர்க்கலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள். தோட்டக் கேள்வி இல்லைதான், ஆனாலும் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? — மாட்டுங்கா வாசகர்

தாழையைப் பற்றி எழுதினால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. திருவண்ணாமலைக் கதை எல்லோருக்கும் தெரியும், பிரம்மா முடியைக் கண்டேன் என்று சொல்ல, தாழம்பூ பொய்ச் சாட்சி சொன்னது, அதனால் சிவ பூஜைக்கு விலக்கானது. ஆனால் ராமநாதபுரம் மாவட்டம் உத்திரகோசமங்கையில் சிவனுக்கே தாழம்பூ சாத்துகிறார்கள், அங்கே அது விசேஷம். இங்கே மகாராஷ்டிரத்தில் கணபதிக்குப் படைக்கிற 21 பத்திரிகளில், அதாவது பூஜை இலைகளில், கேவடாவும் ஒன்று. அம்பாள் சன்னிதியில் தாழம்பூக் குங்குமம் கொடுக்கிறார்கள், கல்யாணப் பெண்ணுக்குத் தாழம்பூ வைத்துப் பின்னுகிறோம். கதையில் சொன்னது எந்தப் பூஜைக்கு எடுப்பது என்பதைப் பற்றி. செடியை வளர்க்காதே என்று அந்தக் கதை எங்கும் சொல்லவில்லை. உங்கள் வீட்டு வழக்கப்படி சிவனுக்குச் சாத்த வேண்டாம், தாராளமாக வளருங்கள்.

முலுண்டில் எங்கள் சொசைட்டித் தோட்டத்து மூலையில் பெரிய தாழம்புதர் இருக்கிறது. பாம்பு வரும், வெட்டியே ஆக வேண்டும் என்று ஒரு கட்சி. கணபதிக்கு இந்தப் பூதான், வெட்டவே கூடாது என்று மராத்திக் குடும்பங்கள். நாங்கள் நடுவில். உண்மையில் மணத்துக்குப் பாம்பு வருமா? — முலுண்ட் வாசகி

மணத்துக்கு வராது. பாம்பு தேடி வருவது எலியையும் தவளையையும் பல்லியையும். தாழம்புதருக்குள் பாம்பு இருக்கும் என்பது நம் ஊரிலும் சொல்வார்கள், கொங்கணத்திலும் சொல்வார்கள். இரண்டு ஊரும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கவனிக்காமல் விட்ட தாழையின் அடியில் காய்ந்த இலைகள் தண்டைச் சுற்றிப் பாவாடையாகத் தொங்கும், கீழே இன்னொரு அடுக்கு மக்கிக் கிடக்கும், முள்ளுக்குப் பயந்து மனுஷரோ நாயோ பூனையோ உள்ளே போக மாட்டார்கள். எலிக்கு அதை விடப் பத்திரமான இடம் எது? எலி வந்தால் சாரை வரும், நாகமும் வரும்.

அதனால் வெட்ட வேண்டியது அந்தக் காய்ந்த பாவாடையை. வருஷத்துக்கு இரண்டு தடவை, மழைக்கு முன்னாலும் தீபாவளி கழித்தும், அடியிலிருந்து ஆள் முட்டி உயரம் வரைக்கும் காய்ந்த இலை எல்லாவற்றையும் எடுத்துத் தரை தெரிகிறபடி வையுங்கள். வேலை செய்கிறவருக்குத் தோல் கையுறை, முழுக்கைச் சட்டை, பூட்ஸ், கண்ணாடி, நீளக் கைப்பிடி வெட்டுக்கத்தி, எல்லாம் சொசைட்டி வாங்கிக் கொடுக்கட்டும், வெறுங்கையோடு ஒரு ஏழை மனுஷரை அதற்குள் அனுப்பாதீர்கள். முதலில் நீளக் கழியால் தட்டி, கொஞ்ச நேரம் விட்டு அப்புறம் இறங்கச் சொல்லுங்கள். பக்கத்தில் குப்பைத் தொட்டி இருந்தால் அதை வேறு மூலைக்கு மாற்றுங்கள், பிள்ளைகள் விளையாடுகிற இடத்துக்கும் புதருக்கும் நடுவில் தாழ்வாக ஒரு கம்பி வேலி போடுங்கள். பாம்பைப் பார்த்தால் அடிக்காமல் வனத்துறையின் 1926 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். ஒரு பெரிய புதரை அழிப்பது ஒரு மணி நேர வேலை, அதே அளவுக்கு இன்னொன்று வரப் பல வருஷம் ஆகும் என்று கூட்டத்தில் எடுத்துச் சொல்லுங்கள்.

14ஆவது மாடி பால்கனியில் தொட்டியில் தாழை வைக்கலாமா? நர்சரியில் மஞ்சள் கோடு போட்ட தாழை விற்கிறார்கள், அதுவும் பூக்குமா? — காட்கோபர் வாசகர்

பூக்கிற தாழை பால்கனிக்கு வேண்டாம் தம்பி, பாரமும் முள்ளும் அங்கே ஆபத்து. மஞ்சள் கோடு, வெள்ளைக் கோடு போட்டவை அழகுக்காக வளர்க்கிற வேறு வகைகள், பெரிய தொட்டியில் சில வருஷம் வைத்துக் கொள்ளலாம், அவற்றிலிருந்து மணமுள்ள பூவை எதிர்பார்க்காதீர்கள். அதே குடும்பத்தில் உங்களுக்கு ஏற்றது ரம்பை. இலங்கைத் தமிழர் வீட்டுச் சமையலில் கறிவேப்பிலையோடு கூடவே விழுகிற இலை. சாதம் கொதிக்கும்போது ஒரு இலையை முடிச்சுப் போட்டு உள்ளே போட்டால் பாஸ்மதி வாசனை வரும், இரண்டிலும் மணம் தருவது ஒரே பொருள்தான். முள் இல்லை என்றே சொல்லலாம், பாதி நிழல் போதும், 12 அங்குலத் தொட்டி, ஈரம் காயாமல் பார்த்துக் கொண்டால் அடியில் கன்று விட்டுக் கொண்டே இருக்கும்.

ஐரோலி கழிமுகம் ஓரமாக நடக்கும்போது காட்டுச்செடிகள் நிறைய பார்க்கிறேன். அங்கிருந்து ஒரு கன்று தோண்டி எடுத்து வரலாமா? — ஐரோலி வாசகர்

கூடாது. தாணே கழிமுகத்து அலையாத்திக் காடுகள் பாதுகாக்கப்பட்டவை, பம்பாய் உயர்நீதிமன்றம் 2005லேயே மாநிலம் முழுக்க அலையாத்தி அழிப்புக்குத் தடை போட்டிருக்கிறது. அந்தக் கழிமுகத்தின் ஒரு பகுதி 2015 முதல் பூநாரைச் சரணாலயம். சட்டத்தை விடுங்கள், கரையைப் பிடித்து வைத்திருப்பதே அந்த வேர்கள்தான். கன்று வேண்டுமென்றால் தனியார் தோட்டத்தில் கேட்டு வாங்குங்கள், நல்ல மனசோடு கொடுப்பார்கள்.

தாழைக்குப் பதிலாகப் புன்னை வைக்கலாமா? வீட்டுக்கும் கம்பவுண்டுக்கும் நடுவில் 6 அடி இருக்கிறது. — டோம்பிவிலி வாசகி

புன்னை எனக்கு உயிரான மரம், மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் தல விருட்சம், இங்கே உண்டி என்பார்கள், கடற்காற்றைத் தாங்குவதில் தாழைக்குச் சமம். ஆனால் அது மரம். மெதுவாக வளரும், அதனால் சின்னதாகவே இருந்துவிடும் என்று நம்பி 6 அடியில் வைத்துவிடுவார்கள். சுவரை முட்டும்போது எடுக்கலாம் என்றால், மகாராஷ்டிரத்தில் 1975 சட்டப்படி நகர்ப்புறத்தில் மரம் வெட்ட அனுமதி வாங்க வேண்டும். உங்கள் சொசைட்டிக்குப் பொது மைதானம் இருந்தால் அங்கே வையுங்கள். 6 அடிக்குச் சங்கங்குப்பி.

குருத்துக்குள் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி இருக்கிறது, எறும்பும் ஏறுகிறது. — பன்வெல் வாசகர்

மாவுப்பூச்சி. எறும்பு அது விடுகிற இனிப்புக்காக ஏறுகிறது, பூச்சியைக் கிளைக்குக் கிளை கொண்டு போய் விடுவதும் அதே எறும்புதான். காலையில் குழாயை வேகமாக வைத்துக் குருத்தை நன்றாக அடித்துக் கழுவுங்கள், தண்ணீர் வடிந்த பிறகு சாயங்காலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் ஒரு சொட்டுப் பாத்திர சோப்புத் திரவமும் கலக்கி அடியுங்கள், வாரம் ஒரு தடவையாக மூன்று நாலு வாரம். வெயில் நேரத்தில் எண்ணெய் அடித்தால் இலை வெந்துவிடும்.

பூ வந்துவிட்டது அக்கா! எப்போது பறிப்பது, எப்படி எடுத்து வைப்பது? — உத்தன் வாசகி

உங்கள் கடிதம்தான் எனக்கு இந்த மாதத்து சந்தோஷம். மடல்கள் பச்சை மாறி வெளிறி, நுனி லேசாகப் பிரியத் தொடங்கியதும் விடியற்காலையில் எடுங்கள். ஒடிசாவில் கஞ்சம் மாவட்டம்தான் தாழம்பூ அத்தருக்குப் பேர் போனது, புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறார்கள், அங்கேயும் காலையில் பறித்ததைத்தான் அன்றைக்கே செப்புக் கொப்பரையில் போட்டு வடிக்கிறார்கள். வெயில் ஏற ஏற மணம் காற்றில் போய்விடும். நீளக் கழியில் அரிவாள் கட்டிக் காம்பில் அறுங்கள், கையை உள்ளே விடாதீர்கள், பூ மடலின் ஓரத்திலும் முள் உண்டு. வெளி மடல் இரண்டை எடுத்துவிட்டு ஈரத் துணியில் சுற்றி வைத்தால் இரண்டு நாள் புதிதாக இருக்கும். பீரோவில் வைப்பதென்றால் நடுவில் இருக்கிற மகரந்தக் கதிரை எடுத்துவிட்டு, மடலை மட்டும் நிழலில் உலர்த்தி, பருத்தித் துணியில் முடிந்து வையுங்கள். பட்டுப் புடவை மேல் நேராக வைத்தால் மஞ்சள் கறை பிடிக்கும், அது போகாது.